கேரட் கழுவிய தண்ணீர்

“ஓடையைக் கெடுத்தவரே, அதில் ஒரு வாய் அள்ளிக் குடிப்பீர்களா?”

பேச்சி காகிதத்தின் முதல் வரியைப் படித்ததுமே சுப்பண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

“நிறுத்து! என்ற இடத்துக்கே வந்து என்னையே கேக்கறயா? எந்த வாத்தியான் எழுதிக் குடுத்தான்?”

“முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க, முதலாளி.”

பின்னால் கேரட் கழுவும் மெஷின் உருண்டுகொண்டிருந்தது. எமரால்டு தோட்டத்துக் கேரட் பளபளவென்று மூட்டைக்குப் போக, சேறும் மருந்து வாடையுமாகக் கழிவுத் தண்ணீர் ஓடைக்குப் போனது. கீழே கூலியாட்களின் லைன் வீட்டில் இருக்கும் பேச்சிக்குக் குடிக்க, குளிக்க அந்த ஓடைதான். அவள் மகளுக்கு உடம்பெல்லாம் சொறி.

சுப்பண்ணன் கோயம்புத்தூரிலிருந்து மூட்டை தூக்க வந்து, மேஸ்திரியாகி, முதலாளியானவர். பேரத்தில் அவரை மடக்க மேட்டுப்பாளையம் மண்டியிலேயே ஆள் கிடையாது.

பேச்சி தொடர்ந்து படித்தாள்.

“முன்பெல்லாம் வாளியில் மொண்டால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். என் மகள் அதைப் பொறுக்கிப் பாவாடையில் முடிந்துகொண்டு வருவாள். இப்போது வாளிக்குள் கையை விட்டால் கையே தெரிவதில்லை. வேறெதுவும் வேண்டாம். அந்தத் தண்ணீர் திரும்பி வந்தால் போதும்.”

சுப்பண்ணன் ஓடையைப் பார்த்தார்.

அவர் மகள் மனிஷாவும் சின்ன வயதில் அப்படித்தான். நனைந்த பாவாடையோடு ஓடி வந்து அத்தனை கல்லையும் அப்பன் மடியில் கொட்டுவாள். பெங்களூரிலிருந்து போன மாசம் வந்தவள், தன் குழந்தைக்குக் காட்ட ஓடைக்கு இறங்கினாள். எட்டிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பேரத்துக்கு இறங்கினால் அப்படித்தான்.

“சரி, உட்டுத்தள்ளு. உன்ற ஊட்டுக்காரன் சும்மாத்தானே இருக்கறான்? நாளைக்கு மேஸ்திரியா வரச் சொல்லு. காயிதத்தை இங்க குடுத்துட்டுப் போ.”

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்தது. அவரை மேஸ்திரியாக்கிய பழைய முதலாளியும் ஒருநாள் இதே இடத்தில் நின்றுதான் வேலை தருகிறேன் என்றார்.

பேச்சி காகிதத்தை நீட்டினாள்.

“வேலை வேண்டாங்க. மீதியை மட்டும் நீங்களே படிங்க. நாங்க எழுதினதில்லைங்க இது. போன வாரம் கூரைத் தகரம் மாத்தறப்போ உத்தரத்துல செருகி இருந்துச்சு. எங்களுக்கு முந்தி அந்த ஊட்டுல குடியிருந்தவரு எழுதினது.”

பழுத்துப்போன தாள். சுப்பண்ணன் மடிப்பைப் பிரித்தார். கோணல் கோணலான எழுத்து. மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சத்தம் அடங்கியதும், மெதுவாக, வாய்விட்டுப் படித்தார்.

“தொட்டி கட்டி, சேற்றைத் தெளியவிட்டு, அப்புறம் தண்ணீரை ஓடையில் விடுங்கள். எனக்கு வேலை தருகிறேன் என்று மட்டும் வாயை அடைக்காதீர்கள். இனியாவது சரிசெய்து கொடுங்கள், முதலாளி.

இப்படிக்கு,
மூட்டை தூக்கும் சுப்பண்ணன்,
கடைசி லைன் வீடு.”