காதில் சொல்லும் கருவி

இன்றைக்கு மூன்றாவது தடவையாக வகுப்பறைக் கதவு படாரென்று அடித்தது. போரிலிருந்து தப்பி வந்த ஏழு வயது நிதுஷாவுக்கு எந்தச் சத்தமும் குண்டுதான், மேசைக்கடியில் பதுங்கிவிட்டாள். ஆசிரியை தயாளினி அருகில் குந்தினாள். ஆசிரியப் பயிற்சி முடிந்த அன்று அவள் காதில் மாட்டிவிட்டிருந்த கருவி என்ன பேசவேண்டுமென்று சொல்லிக்கொடுக்க, அப்படியே ஒப்பித்தாள்.

"நீ இப்ப பாதுகாப்பா இருக்கிறாயம்மா."

"அடுத்தது மூச்சை இழுத்து விடச் சொல்லுவீங்கள்," என்றாள் நிதுஷா. "முதல் இருந்த மூண்டு ரீச்சர்மாரும் இதைத்தான் சொன்னவை."

தயாளினிக்கு எரிச்சல் தலைக்கேறியது. கருவியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை.

நிதுஷா ஊர்ந்து வந்து, கருவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"காதில போடுங்கோ ரீச்சர். பயப்பிடாதேங்கோ."