சாமி பேருக்கு அர்ச்சனை

போன வாரம் இதே சன்னிதியில் மகள் வான்மதியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அவளுடைய சிறுநீரகம் தேற வேண்டும் என்று செண்பகவல்லி வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். அர்ச்சனைச் சீட்டுக்கு, சன்னிதியில் நடப்பதைப் பதிவுசெய்யக் கைபேசியின் கோயில் செயலியில் 'சம்மதம்' என்பதைத் தொட்டாக வேண்டும், தொட்டிருந்தாள். மறுநாளே வான்மதிக்குக் கிடைத்திருந்த வேலை, உடல்நிலை காரணமாக ரத்தானது.

இன்று தட்டை வாங்கிய குருக்கள், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

செண்பகவல்லி தூணில் கேமராவுக்குக் கீழே இருந்த ஒலிவாங்கியின் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு இன்னொரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க சாமி. அங்கயும்..." என்றாள்.

"மேல சொல்லாதீங்கோ. சாமி பேருக்கே பண்ணிடறேன். யாருக்குன்னு அவருக்குத் தெரியாதாம்மா?"

அவர் மணியை வழக்கத்தைவிட நெடுநேரம் அடித்தார். அந்தச் சத்தத்துக்குள் அவள் கண்களை மூடிக்கொண்டு, உதடு அசையாமல் அழுதாள்.

வெளியே வந்ததும் கைபேசியில் கோயில் செயலி ஒளிர்ந்தது.

'இன்று யாருக்காக அழுதீர்கள்?'

கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'மகளுக்காக'. மற்றதில் 'பிறகு சொல்கிறேன்'. சொல்ல மாட்டேன் என்பதற்குப் பொத்தான் இல்லை.

உள்ளே, அடுத்து நின்றவருக்காகவும் குருக்கள் மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தார்.