கையெழுத்துக்கு நின்ற பஸ்

"அப்பா கையெழுத்து இல்லாம குழந்தை எல்லையைத் தாண்ட முடியாதுங்க. சட்டம்." கவுன்ட்டரில் இருந்த அதிகாரியின் குரலில் துளி ஈரமில்லை.

வரிசையில் அடுத்து நின்ற எடெல்மிரோ நாலாவது பீச் பழத்தை அவசரமாகக் கடித்தார். சிலிக்குள் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள்; குப்பையில் போடவும் அவருக்கு மனசு வரவில்லை. அர்ஜென்டினாவின் ஹுஹுயிலிருந்து அவருக்கு முன் சீட்டில் வந்த நெலிடாவும் அவளுடைய ஆறு வயதுப் பெண்ணும்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போனதும் நீ வாயே திறக்கக் கூடாது" என்று பஸ்ஸிலேயே அவள் பெண்ணைக் கண்டித்ததை அவர் கேட்டிருந்தார். பாவம், சீருடை என்றால் அவ்வளவு பயம் போலிருக்கிறது.

"எங்க போறீங்க?" என்றார் அதிகாரி.

"கலாமா. அக்கா வீட்டுக்கு."

"திரும்பி எப்போ?"

"தெரியாது."

"தேதி சொல்லாம போனா எந்த அப்பன் கையெழுத்துப் போடுவான்?"

"அந்த மனுஷனுக்கு எங்க நெனப்பு இருந்தாத்தானே! மாசத்துல பாதி நாள் வேலை, வேலை. பொண்ணு பொறந்த நாளுக்குக்கூட வீட்டுக்கு வரல." நெலிடாவின் குரல் உடைந்தது. அடையாள அட்டைகளை இன்னும் கொடுக்காமல் கைக்குள்ளேயே இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கவுன்ட்டருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மிலி, தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கோ. காத்து அடிக்குது" என்றார். உடனே நிமிர்ந்து, "அப்பா நேர்ல வந்து இங்கயே போட்டாலும் செல்லும்" என்றார் பழைய குரலில்.

வெளியே ஹாரன் அலறியது. "இன்னும் அஞ்சே நிமிஷம்! யார் வந்தாலும் வராட்டியும் வண்டியை எடுத்துடுவேன்!" என்று கத்தினார் டிரைவர். அடுத்த பஸ் நாளை மறுநாள்தான்.

இந்த வெட்டவெளிக் குளிரில் தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போவதா? எடெல்மிரோவுக்கு இளகிய மனசு. அது இளகும்போதெல்லாம் மூளை லீவு போட்டுவிடும். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு முன்னே பாய்ந்தார்.

"சார், நான்தான் அப்பா. எங்க போடணும்?"

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மீசையிலிருந்து பீச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களா?"

"ஆமா சார். வீட்டுல சின்ன சண்டை. அதான் தெரியாதவங்க மாதிரி நிக்கிறோம்."

நெலிடா குபீரென்று சிரித்துவிட்டாள். மிலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அதிகாரிக்கும் உதடு துடித்தது. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நெலிடா அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வந்துடுறோம். போதுமா?"

அதிகாரி சட்டென்று ஒரு படிவத்தை உருவி, ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

பேனாவுக்காகக் கையை நீட்டியபடி நின்ற எடெல்மிரோ எட்டிப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயையோ சார்! அது அப்பா கையெழுத்துப் போடுற இடம்!"

"அப்பாதாங்க போட்டிருக்கேன்."