மூன்று விநாடி

காயலில் முங்கி, அடியில் கிடக்கும் குப்பையைப் பதிவெடுப்பது வேதவல்லியின் வேலை. எதையும் மூன்று விநாடி பார்த்தால் போதும், அது யார் வீட்டுப் பொருள் என்று அவள் பார்வையைப் பின்தொடரும் நீர்முகமூடி கண்டுபிடித்துவிடும். தண்டனையாக அந்த வீட்டுக்கு அன்றே குடிநீர் நின்றுபோகும்.

கூட முங்கிய குணசுந்தரியின் கால் ஒரு வலையில் சிக்கியது. அறுக்கக் குனிந்த வேதவல்லி சட்டென்று பார்வையை விலக்கினாள். கிழிசலில் அவளே போட்ட சிவப்பு நூல் முடிச்சுகள். கணவனின் கருமாதியன்று அவளும் மாமியாரும் தண்ணீரில் விட்ட அவனுடைய வலை.

கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள். முகமூடிக்குள் குணசுந்தரியின் குரல் கேட்டது.

“அக்கா, என் காலு! பாத்து அறு அக்கா, காத்து தீரப்போவுது!”

கண்ணைத் திறந்தாள். கடைசி இழை அறும்வரை மூடவில்லை.

படகில் ஏறியதும் மாமியாருக்குப் போன் போட்டாள்.

“அத்த, இருக்கற கொடத்தையெல்லாம் ரொப்பி வைங்க. சீக்கிரம்.”