முதல் பெஞ்சு

பெரீனா உட்கார்ந்து எழுந்த நாற்காலியைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் ஓர்சாத் உட்கார்ந்தார். "என்ன இருந்தாலும் அடிமை வம்சம் பாருங்க. நாமதான் சுத்தபத்தமா இருக்கணும்" என்றார், ஸாகிரெப்பிலிருந்து வந்திருந்த மொழி ஆராய்ச்சியாளர் யாஸ்னாவிடம்.

"துடைடா, நல்லாத் துடை. உன் பரம்பரைத் தொழிலாச்சே!" பெரீனா தன் மத்தி மீன் கூடையைத் தேவாலயக் கூடத்தின் நடுவே தொப்பென்று வைத்தாள்.

வெலூனா தீவுக்கே தெரிந்த சண்டை இது. என்றோ ஒரு ரோமாபுரிக் கப்பல் இங்கே பாறையில் மோதி உடைந்தது. கரையேறியவர்கள் ஓர் எஜமானனும், துடுப்பு வலித்த அவன் அடிமைகளும். அவர்கள் விட்டுப்போன மொழியைப் பேச இன்று மிஞ்சியிருப்பவை ஓர்சாத் வீடும் பெரீனா வீடும்தான்.

இரண்டு வீட்டாருமே தாங்கள்தான் எஜமானன் வாரிசு என்று சொல்லி, தேவாலயத்தின் முதல் பெஞ்சுக்காகத் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இந்தத் திருவிழாவில் அந்த பெஞ்சு யாருக்கு என்பதில் யாஸ்னா சொல்வதே தீர்ப்பு என்று பாதிரியார் அறிவித்துவிட்டார்.

ஓர்சாத்துக்குத் தீர்ப்பெல்லாம் வெறும் சடங்கு. மீசைக்குப் புது மெழுகு. கோட்டில் சந்தையில் வாங்கிய ரோமானியக் கழுகுப் பதக்கம்.

"கதவைச் சாத்துங்கறதை உங்க மொழியில எப்படிச் சொல்வீங்க?" என்று ஆரம்பித்தாள் யாஸ்னா.

"சேரா!" என்றாள் பெரீனா. அந்தக் கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. "லாவான்னா கழுவு. லெவான்னா தூக்கு. இன்னும் வேணுமா?"

ஓர்சாத் சிரித்தார். "கேட்டீங்களா டாக்டரம்மா? குலம் வாயில தெரியும். எங்க வீட்டுப் பேச்சுல இந்த மாதிரி அதட்டுற வார்த்தையே கிடையாது. 'சாத்தட்டுமா', 'தூக்கட்டுமா', 'எங்க வைக்கட்டும்'னுதான் வாயில வரும். பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான். உசந்த ரத்தம் இல்லையா!"

"இவன் அப்பனும் இப்படித்தான் நெளிவான்" என்றாள் பெரீனா.

யாஸ்னா பேனாவை மூடினாள். "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தரை ஏவுறதுக்கு உங்க வீட்டு மொழியில ஒரு வார்த்தைகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல!" ஓர்சாத் நெஞ்சைத் தட்டிக்கொண்டதில் பதக்கம் கிணுகிணுத்தது.

"அப்போ கப்பல்ல ஏவினது யாரு?"

ஓர்சாத்தின் முகம் தொங்கிப்போனது. மீசை மட்டும், மெழுகின் தயவில், விறைப்பாக நின்றது.

விஷயம் பெரீனாவுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் முன்னால் வந்தாள். மீன் கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"லெவா!"

யோசிப்பதற்குள் ஓர்சாத்தின் கை கூடையின் பிடியைப் பற்றிவிட்டது. பரம்பரைப் பழக்கத்தில் நாக்கும் தானாகப் புரண்டது:

"எங்க வைக்கட்டும்?"