வீட்டுக்காரம்மா கேட்ட காதல் பாட்டு

எஸ்தர் சினிமாப் பாட்டுகளில் தன்பால் காதலை ஆராய்பவள். தன் காதலி வானதியைத் தோழி என்று சொல்லித்தான் வாடகை வீடு பிடித்திருந்தாள். உண்மை தெரிந்தால் வீடு போய்விடும்.

இப்போதைய ஸ்பீக்கர், கேட்பவரின் கைப்பட்டை வழியே அவர் நாடியைப் படிக்கும். நாட்டம் ஆண்மேல் என்றால் ஆண் குரலிலும், பெண்மேல் என்றால் பெண் குரலிலும் காதல் பாட்டைப் பாடும். அதனால் வீட்டுக்காரம்மா விசாலம் வந்தாலே இருவரும் பட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

அன்று விசாலம் சோபாவில் உட்கார்ந்து, "ஒரு காதல் பாட்டு போடேன், எஸ்தர்" என்றார். அவர் கையில் மட்டுமே பட்டை இருந்தது.

பெண் குரல் பாடத் தொடங்கியது.

எஸ்தர் பதறி ஸ்பீக்கரை அணைக்க எழுந்தாள்.

"இருக்கட்டும்மா. எங்க வீட்டுல அவர் இருக்கும்போது பாட்டே போடுறதில்ல. முடியுறவரைக்கும் கேட்டுட்டுப் போறேன்."