வளையம் தராத அனுமதி

இதயத்தைக் கண்காணிக்கும் கைவளையம் சம்மதிக்காமல் இதய நோயாளி யாருக்கும் ஊசி போடக் கூடாது என்பது தூத்துக்குடியிலும் சட்டமாகிவிட்டிருந்தது. ஒரு வாரமாகப் பல்வலியில் கஞ்சி மட்டுமே குடித்துவந்த சவரிமுத்துவுக்கு அந்தச் சட்டம்தான் எமன்.

"அட்ரினலின் கலந்த மரப்பு மருந்துக்கு அனுமதி இல்லை. இதயம் தாங்காது" என்றது வளையம்.

"அது இல்லாட்டி மரமரப்பு பாதியிலயே போயிடுமே. பல்லைப் பிடுங்கணும், வேர் வேற ஆழமா இருக்கு. கொஞ்சூண்டு போட்டாப் போதும்" என்று கெஞ்சிக்கொண்டே பல் டாக்டர் நிலோபர் ஊசியைக் கையில் எடுத்தார்.

உடனே வளையம் அலறியது. "அட்ரினலின் ஏறிவிட்டது! போட்டது யார்?"

"நான் இன்னும் குத்தவே இல்லை. அது அய்யாவோட பயத்துல அவர் உடம்பே சுரந்தது. என் ஊசியில இருக்கிறதைவிட அதிகம்."

சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். புயலில் தனியாகப் படகைத் திருப்பிய கதையை ஊரெல்லாம் சொன்னவர் அவர். பக்கத்தில் நின்ற மனைவி ரோசலின் விடுவாளா?

"புயலுக்கே பயப்படாத ஆளு, இந்தத் துளியூண்டு ஊசிக்கா நடுங்குறீங்க? எனக்குத் தெரியாம மக்ரூன் டப்பாவைக் காலி பண்ணும்போது இந்தப் பயம் எங்க போச்சு?"

வீட்டில் தினமும் கேட்கும் அதே வசவுதான். கேட்கக் கேட்க அவருக்குப் படபடப்பு மெல்ல அடங்கியது.

"இப்போது சிறிதளவு போடலாம்" என்றது வளையம். "அம்மா மட்டும் நிறுத்தக் கூடாது."

பல் வெளியே வந்துவிட்டது. மரத்துப்போன வாயால் சவரிமுத்துவுக்கு மனைவியின் வசவுக்குப் பதில் பேச முடியவில்லை.

"டாக்டர், இந்த மரமரப்பு எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று ஆசையோடு கேட்டாள் ரோசலின்.